குட்டியைச் சேர்க்காத ஆட்டைச் சேர்க்க வைப்பது: ஈன்ற நேரத்திலிருந்து பட்டிக்குத் திரும்பும் வரை முழுமையான வழிகாட்டி

தாய் செத்துப்போன குட்டி, ரெட்டையில் ஒதுக்கப்பட்ட குட்டி, தலையீத்து (முதல் முறை ஈனும்) ஆடு பயந்து உதறிவிட்ட குட்டி என்று எதுவாக இருந்தாலும், அதை ஒரு தாயோடு ஒட்ட வைக்க முடியும். இந்த வேலையை நான் பல வருடமாகக் காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், செய்து வருகிறேன், புதிதாக ஆடு வாங்கிக் கட்டியவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதையும் பார்த்து வருகிறேன். அவர்கள் செய்வது பெரும்பாலும் தப்பான வேலை இல்லை, சரியான வேலையைத் தப்பான வரிசையில் செய்கிறார்கள். குட்டி தாயோடு ஒட்டுவதற்குத் தாயின் மூளையில் ஒரு கதவு கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும். அந்த நேரத்தில் அந்த மூக்குக்குச் சரியான வாடை போய்ச் சேர வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இதற்காகத்தான்.

செம்மறியை வைத்தே எழுதியிருக்கிறேன், நம் பக்கத்து மேச்சேரி ஆடுதான் என் அனுபவம். வெள்ளாட்டுக்கும் பெரும்பாலும் இதே வரிசைதான்.

1. முதலில் மடியைப் பாருங்கள்

ஆடு குட்டியை முட்டித் தள்ளுகிறது என்றதும் "பாசம் இல்லாத ஆடு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாதி நேரம் அது வலி.

ஆட்டை ஓரமாக நிறுத்தி இரண்டு காம்பையும் பீய்ச்சிப் பாருங்கள். காம்பு நுனியில் மெழுகு மாதிரி அடைப்பு இருக்கும், அதை எடுத்துவிட வேண்டும். மடி கல்லாக இருக்கிறதா, சுடுகிறதா, பால் திரிந்து வருகிறதா, காம்பில் வெடிப்போ புண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். மடிநோய் இருந்தால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், ஒட்ட வைக்கும் வேலை அதற்கு அப்புறம்தான். வலிக்கிற மடியில் குட்டியைப் பிடித்து வைத்தால், வலியையும் அந்தக் குட்டியின் வாடையையும் ஆடு சேர்த்தே பதிந்துகொள்ளும், பிறகு பிரிப்பது கஷ்டம்.

குட்டியின் வாயையும் திறந்து பாருங்கள். சில குட்டிக்குப் பிறக்கும்போதே பல் கூராக இருந்து காம்பைக் கீறும்.

மடி சரியாக இருக்கிறது, பாலும் இருக்கிறது, ஆனாலும் முட்டுகிறது என்றால் மட்டும் அடுத்த படிகளுக்குப் போங்கள்.

2. ஆடு ஈனுவதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டியவை

ஈன ஆரம்பித்த பிறகு பொருள் தேடி ஓடினால் நேரம் போய்விடும். சினை ஆடு மடி இறக்கியதும் இதையெல்லாம் ஒரு சாக்குப்பையில் போட்டுத் தொங்கவிட்டு விடுங்கள்:

- நாலைந்து அடிக்கு நாலைந்து அடியில் ஒரு தனி அடைப்பு. படலோ பழைய கதவோ எதை வைத்து அடைத்தாலும் சரி, வெளியில் இருக்கும் ஆடு உள்ளே மூக்கை நீட்டாமல் இருக்க வேண்டும்
- அகலமான ஒரு சட்டி, பனிக்குட நீர் பிடிக்க
- வாசனை இல்லாத பழைய பருத்தித் துணி
- தொப்புளுக்கு டிங்சர் அயோடின், கையுறை
- காம்பு மாட்டிய புட்டி, வேறு ஆட்டிடம் பீய்ச்சி உறைய வைத்த சீம்பால்
- பனியன் துணி, குழாய் மாதிரி நெய்தது. திருப்பூர்ப் பக்கம் வெட்டு துணிக்காரர்களிடம் கிலோக் கணக்கில் கிடைக்கும். எதற்கு என்று ஏழாவது படியில் சொல்கிறேன்
- டார்ச் லைட், கடிகாரம்

கடிகாரத்தைச் சும்மா சொல்லவில்லை. குட்டி தரையில் விழுந்த நேரத்தைக் கரிக்கட்டையால் சுவரிலாவது எழுதி வைத்துவிடுங்கள். இனி எல்லாக் கணக்கும் அந்த நிமிடத்திலிருந்துதான்.

3. மூளையில் என்ன நடக்கிறது: இதைப் படிக்காமல் நாலாவது படிக்குப் போகாதீர்கள்

சாதாரண நாளில் ஒரு செம்மறியின் மூக்கருகில் பனிக்குட நீரைக் கொண்டுபோனால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சினையில் இருக்கும்போதும் அப்படித்தான். ஈனும் நேரத்தில் மட்டும் இது தலைகீழாக மாறி, அதே நீரை நக்கி நக்கிக் குடிக்கும். ஒரே ஆடு, ஒரே வாடை. மாறியது மூளை.

மாற்றம் படிப்படியாக வருகிறது. சினைக் காலத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் உயர்ந்து நின்று, கடைசியில் அது இறங்கி ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் ஏறும். இந்த ஏற்ற இறக்கம்தான் மூளையில் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் வந்து பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளைப் பெருக்கி நிலத்தைப் பண்படுத்துகிறது. அப்புறம் குட்டி கருப்பை வாயையும் பிறப்புப் பாதையையும் அழுத்தி விரித்துக்கொண்டு வரும்போது, அந்த அழுத்தம் நரம்பு வழியாக முதுகுத்தண்டில் ஏறி மூளைக்குப் போகிறது. மூளையின் அடிப்பக்கம் ஹைப்போதாலமஸ் என்ற பகுதியில் இருக்கும் நரம்பணுக்கள் ஆக்ஸிடோசினைக் கொட்டுகின்றன.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே கிணற்றிலிருந்து இரண்டு வாய்க்கால் போவது மாதிரி, இந்த ஆக்ஸிடோசின் இரண்டு வழியாகப் போகிறது. ஒன்று பிட்யூட்டரி சுரப்பி வழியாக ரத்தத்துக்கு. அது கருப்பையைச் சுருக்கும், மடியில் பாலை இறக்கும். இன்னொன்று மூளைக்குள்ளேயே. குட்டி மேல் ஈர்ப்பு வருவது இந்த இரண்டாவது வாய்க்காலால். 1987-ல் கெண்ட்ரிக், கெவர்ன் என்ற ஆராய்ச்சியாளர்களின் குழுவினர் ஆக்ஸிடோசினை நேரடியாகச் செம்மறியின் மூளை அறைக்குள் செலுத்தியபோது, சினையில்லாத ஆடுகள் குட்டியை நக்கவும் அழைக்கவும் தொடங்கின.

அடுத்தது மூக்கு. மூளையின் முன்பக்கம் மோப்பக் குமிழ் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஈனும் நேரத்தில் அங்கே ஆக்ஸிடோசினும் நார்அட்ரினலின் என்ற இன்னொரு ரசாயனமும் சேர்ந்து ஏறுகின்றன. இவை ஏறியிருக்கும்போது மூக்கில் படும் குட்டி வாடை அங்கேயே பதிந்துவிடுகிறது. ஈனுவதற்கு முன்னால் அந்தக் குமிழில் இருக்கும் அணுக்கள் தீவன வாடைக்குத்தான் எழுந்து நிற்கும். ஈன்ற பிறகு அளந்து பார்த்தால் அவற்றில் பெரும்பகுதி குட்டி வாடைக்கு எழுகிறது, சில அணுக்கள் தன் குட்டியின் வாடைக்கு மட்டும் எழுகின்றன. இது நடக்க இரண்டு மணி நேரத்துக்குள்தான் ஆகிறது. வெள்ளாட்டில் இன்னும் சுருக்கம்: ஈன்ற உடனே ஐந்து நிமிடம் குட்டியோடு இருந்தாலே, பிறகு சில மணி நேரம் பிரித்து வைத்துக் கொண்டுவந்தாலும் ஏற்றுக்கொள்கிறது என்று 1964-லேயே காட்டியிருக்கிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. வாடை பதிந்துவிட்டால் அடுத்த குட்டியை முட்டும். இதைப் பார்த்துத்தான் ஆட்டைத் திட்டுகிறோம். ஆனால் ஒட்டுவதும் முட்டுவதும் ஒரே வேலை. மோப்ப சக்தி எடுக்கப்பட்ட ஆடு எந்தக் குட்டியையும் ஏற்றுக்கொள்ளும், தன்னுடையது எது என்றே தெரியாமல்.

ஜோடி சேர்ந்து வாழும் விலங்கிலும் இதே அமைப்பைப் பார்க்கலாம். அமெரிக்கப் புல்வெளிகளில் பிரெய்ரி வோல் என்று ஒரு சின்ன எலி இருக்கிறது. இணை சேர்ந்து ஒரு நாள் ஒன்றாக இருந்தால் போதும், அந்தத் துணையோடேயே ஒட்டிக்கொள்ளும். ஸூ கார்ட்டர், தாமஸ் இன்செல், லாரி யங் போன்ற ஆராய்ச்சியாளர்கள் இதன் மூளையைக் குடைந்து பார்த்தார்கள். பெண்ணுக்கு ஆக்ஸிடோசினும், ஆணுக்கு அதிலிருந்து இரண்டே அமினோ அமிலம் மாறுபட்ட வாசோபிரெசினும் முக்கியம் என்றும், அவை வேலை செய்யும் இடம் இன்பத்தைப் பதிவு செய்யும் டோபமைன் பகுதிகள் என்றும் தெரிந்தது. ஒட்டிய பிறகு அதே பகுதியில் டோபமைன் ஏற்பிகளின் அமைப்பு மாறி, அந்நிய எலி வந்தால் விரட்டச் சொல்கிறது. நம் ஆடு முட்டுகிற மாதிரியேதான்.

ஆனால் ஒரே ரசாயனத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது என்று நினைக்காதீர்கள். 2023-ல் ஆக்ஸிடோசின் ஏற்பி மரபணுவையே நீக்கிய வோல்களை வளர்த்துப் பார்த்தார்கள். அவையும் ஜோடி சேர்ந்தன. வாடை, தொடுகை, பால் குடிப்பு, நேரம் என்று பல கயிறு சேர்த்துத்தான் இந்த முடிச்சு விழுகிறது. ஒன்று விட்டுப்போனாலும் மற்றது பிடிக்கும் என்பதால்தான் கீழே ஒரே வழியைச் சொல்லாமல் நாலு வழி சொல்கிறேன்.

4. முதல் அரை மணி: கையை எடுங்கள்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். போன தை மாதம் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி வெடியக்காலையில் ஓடி வந்தார்.

"ஏனுங்கண்ணா, குட்டி சளியா இருந்துதுங்க. சுடுதண்ணி வெச்சுக் கழுவி, சோப்புப் போட்டு, துண்டுல தொடச்சு நல்லா வெதுவெதுன்னு உட்டனுங்க. தாய் சேத்தவே மாட்டீங்குது."

அவ்வளவு அக்கறையாகச் செய்திருக்கிறார். ஆனால் தாயின் மூக்குக்குப் போக வேண்டிய வாடை மொத்தமும் சோப்பு நுரையோடு வாசலில் ஓடிவிட்டது.

சரி, என்ன செய்ய வேண்டும்? மூக்கிலும் வாயிலும் சளி அடைத்திருந்தால் விரலால் வழித்து எடுங்கள். மூச்சு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் குட்டியைத் தாயின் தலைப்பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வெளியே போங்கள். என் அப்பாரு பட்டிக்குள் என்னைப் பிடித்து நிறுத்திச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நீ தொடைக்காதெ கண்ணு, அது நக்கட்டும்."

நக்கும்போது பாருங்கள். மேலுதடு துடிக்கும், வாயைத் திறக்காமல் அடித்தொண்டையில் 'ம்ம்ம்' என்று குமுறும். மற்ற நேரத்தில் செம்மறி போடும் சத்தம் இல்லை இது, குட்டியிடம் மட்டும் வரும் தணிந்த குரல். தலையிலிருந்து தொடங்கி முதுகு, அப்புறம் வால் பக்கம். வாலடியில் வந்ததும் மூக்கை அழுத்தி நிறுத்தும். குட்டி அப்போதுதான் மடியைத் தேடத் தொடங்கும். இந்தக் குமுறல் கேட்டுவிட்டால் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்.

தலையீத்து ஆட்டுக்கு இது மெதுவாக வரும். முதல் முறை ஈனும் ஆட்டின் மூளையில், பலமுறை ஈன்ற ஆட்டில் இருக்கிற அளவு ஆக்ஸிடோசின் ஏற்பிகள் இல்லை. அதனால் பயம் முந்திக்கொள்ளும். அங்கே நாய், குழந்தைகள், செல்போன் வெளிச்சம் எதுவும் வேண்டாம்.

அறுத்துக் குட்டி எடுத்த ஆடு என்றால் தனியாகக் கவனியுங்கள். பிறப்புப் பாதை அழுத்தம் மூளைக்குப் போயிருக்காது. முதுகில் மரப்பு ஊசி போட்டு ஈன வைத்த ஆடுகள் குட்டியைச் சரியாகச் சேர்க்காமல் போவதைச் சோதனையிலேயே காட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஆட்டுக்குக் காத்திருக்காமல் நேராக ஆறாவது படி.

தொப்புளில் அயோடின் வைப்பது நக்கி முடித்த பிறகு, தொப்புளில் மட்டும். வாலடியில் ஒரு சொட்டும் படக்கூடாது.

5. சீம்பால்: தாய் ஏற்காவிட்டாலும் காத்திருக்கக் கூடாது

ஒட்ட வைக்கும் ஆசையில் குட்டியைப் பட்டினி போடாதீர்கள். குட்டியின் குடல் சீம்பாலில் இருக்கும் எதிர்ப்புப் பொருளை முழுசாக உள்ளே விடுவது முதல் சில மணி நேரம்தான், ஒரு நாளில் அது அடைந்துவிடும்.

கணக்கு இது: கிலோவுக்கு 50 மில்லி முதல் முறை, 24 மணி நேரத்துக்குள் கிலோவுக்கு 200 மில்லி. இரண்டரைக் கிலோக் குட்டிக்கு முதலில் 125, நாள் முழுக்க அரை லிட்டர். வாய்க்குள் விரல் வைத்துப் பாருங்கள். வாய் குளிர்ந்திருந்தால் முதலில் சாக்கும் வைக்கோலும் போட்டுச் சூடேற்றி, அப்புறம் கொடுங்கள். உறைந்த சீம்பாலை வெதுவெதுப்பான தண்ணீருக்குள் வைத்து இளக்குங்கள். அடுப்பில் வைத்தால் கடும்பாகத் திரண்டுவிடும், வேண்டிய சத்தும் போய்விடும்.

முடிந்தால் புட்டியைவிட, ஏற்கப்போகும் தாயின் காம்பிலேயே ஒரு முறையாவது குடிக்க வையுங்கள். தாய்தான் குட்டியைக் கற்றுக்கொள்கிறது என்று நினைக்கிறோம், குட்டியும் தாயைக் கற்றுக்கொள்கிறது. சீம்பால் வயிற்றில் இறங்கும்போது குடலிலிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஒன்று சுரக்கிறது. அதன் வேலையைத் தடுத்த குட்டிகள் தாயை அடையாளம் கண்டு நாடுவதில் பின்தங்கின. எவரிடம் வயிறு நிறைகிறதோ அவரிடம் ஒட்டும், புட்டி பிடிக்கும் உங்களிடம் கூட. பின்னாலேயே சுற்றும் குட்டி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மூன்றாம் நாள் எந்த மடியையும் தேடாது.

6. பனிக்குட நீர் முறை: முதலில் இதைச் செய்யுங்கள்

நாலு வழியில் எனக்கு நம்பிக்கை அதிகம் இதில்தான். ஏனென்றால் கதவு திறந்திருக்கும் நேரத்திலேயே வேலை முடிகிறது.

தாயில்லாத குட்டி உங்களிடம் இருக்கிறது, இன்று இரவு இன்னொரு ஆடு ஈனப்போகிறது என்று வையுங்கள். ஏற்கும் ஆட்டைத் தேர்வு செய்யும்போது, முன்பே இரண்டு மூன்று ஈத்து கண்டதாக, மடி பெரியதாக, ஒற்றைக் குட்டி போடுவதாகப் பாருங்கள். மேச்சேரி ஆட்டில் ஒற்றைதான் அதிகம் என்பதால் இது சுலபம்.

பனிக்குடம் வெளியே தெரிந்ததும் சட்டியை அடியில் பிடித்து நீரைச் சேகரியுங்கள். தவறிவிட்டால் நஞ்சுக்கொடி விழுந்ததும் அதை எடுத்துத் தேய்த்தாலும் பரவாயில்லை, கையுறையோடு.

பழைய குட்டியாக இருந்தால் அதற்கு ஏற்கெனவே ஒரு வாடை இருக்கும். அதை வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி உலர வையுங்கள், சோப்பு வேண்டாம். நாலாவது படியில் கழுவாதே என்றேனே என்று குழம்ப வேண்டாம், அது இப்போது பிறந்த சொந்தக் குட்டிக்கு. இங்கே பழைய வாடையைக் குறைத்துப் புதியதை ஏற்றுகிறோம். அப்புறம் பிடித்து வைத்த நீரில் தலையிலிருந்து வால்வரை நனையுங்கள், வாலடியில் இரண்டு மடங்கு.

மூன்று நான்கு நாள் ஆன குட்டி துள்ளி எழுந்து நேராக மடிக்கு ஓடும். இப்போது பிறந்த குட்டி அப்படி ஓடாது என்று தாய்க்குத் தெரியும், சந்தேகப்பட்டு முட்டும். அதனால் முன்னங்காலையும் பின்னங்காலையும் மெல்லிய துணியால் தளர்வாகக் கட்டி, பத்துப் பதினைந்து நிமிடம் தடுமாறும்படி தாயின் முகத்தருகே கிடத்துங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள், கட்டிவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள்.

சொந்தக் குட்டி பிறந்ததும் அதை இரண்டடி தள்ளி வைத்து, வந்த குட்டியை முதலில் நக்க விடுங்கள். சில நிமிடத்தில் இரண்டையும் ஒன்றாக, ஈரத்தோடு ஈரம் உரச, முன்னால் தள்ளுங்கள். சொந்தக் குட்டியை அதிக நேரம் மறைத்து வைக்காதீர்கள். பிறந்ததும் பிரித்து நாலைந்து மணி நேரம் கழித்துக் கொடுத்தால் பல ஆடுகள் தன் குட்டியையே மறுக்கின்றன, 12 மணி நேரம் ஆகிவிட்டால் பெரும்பாலானவை மறுக்கும். ஒரு குட்டியைக் காப்பாற்றப் போய் இரண்டையும் புட்டியில் வளர்த்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

7. தோல் போர்த்துவதும் பனியன் துணியும்: நேரம் தவறிவிட்டால்

ஆட்டின் சொந்தக் குட்டி ஒரு நாள் இரண்டு நாள் இருந்து செத்துவிட்டது. வாடை ஏற்கெனவே பதிந்தாகிவிட்டது. இப்போது புது வாடை கற்றுக்கொடுக்க முடியாது, பதிந்த வாடையைப் புதுக் குட்டி மேல் ஏற்ற வேண்டும்.

செத்த குட்டியின் தோலை உரித்து, நாலு கால் ஓட்டை விட்டு, சட்டை மாதிரி புதுக் குட்டிக்குப் போர்த்துவது பழைய வழக்கம். வால் பகுதி கட்டாயம் இருக்க வேண்டும், தாய் மூக்கை வைப்பது அங்கேதான். நம் பக்கத்து வெயிலில் முழுத்தோல் மூன்றாம் நாள் நாறிவிடும். அதனால் இடுப்பிலிருந்து வால்வரை மட்டும் எடுத்தால் போதும், இரண்டு மூன்று நாளில் முன்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, வால்துண்டைக் கடைசியாக எடுங்கள். அதற்குள் அந்தத் தாயின் பாலே குட்டியின் உடம்பு வழியாகப் போய், குட்டியின் வாலடி வாடையை மாற்றியிருக்கும்.

குட்டி நோயில் செத்திருந்தால் தோலைத் தொடாதீர்கள். கரு கலைந்து விழுந்த குட்டியாக இருந்தால் கண்டிப்பாகக் கூடாது. புரூசெல்லா போன்ற நோய்கள் மனிதருக்கும் ஒட்டும், வீட்டில் சூலிப் பெண் இருந்தால் பட்டிப் பக்கமே வரக்கூடாது.

சொந்தக் குட்டி உயிரோடு இருந்து இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் என்றால் பனியன் துணி. குழாய்த் துணியில் கால் ஓட்டை வெட்டி, சொந்தக் குட்டிக்கு ஒன்றை மாட்டி ஒன்றிரண்டு நாள் விடுங்கள். அதே துணியைக் கழற்றித் துவைக்காமல் புதுக் குட்டிக்கு மாட்டுங்கள். துணியில் ஏறிய வாடைதான் சரக்கு, அதனால் கையில் சந்தனமோ பவுடரோ இருந்தால் கழுவிவிட்டு வாருங்கள்.

8. பிறப்பு அழுத்தத்தை மறுபடி கொடுப்பது: மருத்துவர் கையால் மட்டும்

1983-ல் கெவர்னும் அவர் குழுவும் ஒரு சோதனை செய்தார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் கொடுத்துத் தயார் செய்த, சினையே இல்லாத ஆடுகளின் பிறப்புப் பாதையையும் கருப்பை வாயையும் ஐந்து நிமிடம் அழுத்தித் தூண்டியதும், அவை முழுத் தாயாக நடந்துகொண்டன. ஈன்று, தன் குட்டியோடு இரண்டு மணி நேரம் ஒட்டிப்போன ஆட்டுக்கும் மறுபடி அப்படித் தூண்டியபோது, அந்நியக் குட்டியையும் ஏற்றது. மூடிய கதவு இன்னொரு முறை திறந்தது.

இதைக் கால்நடை மருத்துவர் செய்வார், கையுறையும் வழுக்குப் பசையும் போட்டு, மெதுவாக. ஈன்ற அன்றே செய்தால்தான் பலன். கிழிசலோ நாற்றமோ உள்ள ஆட்டுக்குக் கூடாது. கையை எடுத்ததும், நீரில் நனைத்த குட்டி தயாராக மூக்கருகில் இருக்க வேண்டும். அழுத்தம் கொடுத்துவிட்டுக் குட்டியைத் தேடப் போனால் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடப் போன கதை.

9. தலையைக் கட்டி ஊட்டுவது: கடைசி வழி

மேலே எதுவும் ஆகவில்லை என்றால் ஆட்டின் தலையைத் திரும்பாதபடி கட்டி, குட்டியைக் குடிக்க விடுவது. மூக்கைத் தவிர்த்துவிட்டு, குடிப்பதால் வரும் ஆக்ஸிடோசினையும் பழக்கத்தையும் நம்பும் வழி இது. அதனால் நாள் ஆகும், மூன்று முதல் ஐந்து நாள்.

கட்டும்போது படுக்கவும், தீவனத்துக்கும் தண்ணீருக்கும் எட்டவும் இடம் விடுங்கள். நாளைக்கு ஐந்தாறு முறை ஊட்டுங்கள். அடிக்காதீர்கள், கத்தாதீர்கள். பயத்தில் அட்ரினலின் ஏறினால் பால் இறங்குவது நின்றுபோகும், வெறும் காம்பைச் சப்பிய குட்டி அடுத்த முறை வராது.

10. ஆக்ஸிடோசின் ஊசியை இதற்குப் போடாதீர்கள்

இதைக் கேட்காதவர் இல்லை. "அந்த ரசாயனம்தான் பாசம்னா, ஊசியிலயே ஏத்திறலாமுங்களே?"

தசையில் போடும் ஆக்ஸிடோசின் ரத்தத்தில்தான் போகும். ரத்தத்திலிருந்து மூளைக்குப் போகும் வழியில் தடுப்பு இருக்கிறது, அதை இது எளிதில் தாண்டாது. முதல் வாய்க்காலில் மட்டும் தண்ணீர் விடுகிறீர்கள். பால் இறங்கும், கருப்பை சுருங்கும், குட்டி மேல் ஈர்ப்பு வராது. ரத்தத்தில் சில நிமிடத்திலேயே அது பாதியாகக் கரைந்தும் விடும். நஞ்சுக்கொடி விழாமல் இருந்தாலோ பால் இறங்காமல் இருந்தாலோ மருத்துவர் பார்த்துப் போடுவது வேறு விஷயம். கறவை மாட்டுக்குப் பால் கறக்க உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசி போடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

காங்கேயம் மாட்டிலும் இதையே பார்க்கலாம். கன்று செத்தால் பால் இறக்காது. வைக்கோல் திணித்த கன்றுத் தோலை முன்னால் நிறுத்தினால் நக்கிக்கொண்டே இறக்கும். அங்கே மருந்து எதுவும் ஏறவில்லை, பதிந்த வாடை கிணற்றைத் திறக்கிறது.

11. ஒட்டிவிட்டதா என்று பார்ப்பது

குட்டி குடிக்கும்போது வால் படபடவென்று ஆட வேண்டும். தாய் திரும்பி வாலடியை முகர்ந்துவிட்டு அப்படியே நிற்க வேண்டும். தணிந்த குமுறல் வர வேண்டும். குட்டியைத் தூக்கிப் பார்த்தால் வயிறு உருண்டு, வாய் சூடாக இருக்க வேண்டும்.

முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் நிற்கும் குட்டி குடிக்கவில்லை, தாய் பக்கத்தில் படுத்திருந்தாலும் ஏமாந்துவிடாதீர்கள். நீங்கள் நிற்கும்போது மட்டும் குடிக்க விடுகிற ஆடும் உண்டு, அதனால் ஒரு முறை மறைவாக நின்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் காலையும் மாலையும் எடை போடுங்கள், தினமும் ஏற வேண்டும்.

12. பட்டிக்குத் திரும்புவது

ஒட்டியது உறுதியான பிறகு இன்னும் ஒரு முழு நாள் தனி அடைப்பிலேயே வைத்திருங்கள். அப்புறம் நேராக முழுப் பட்டிக்குள் விடாமல், ஒரே வாரத்தில் ஈன்ற நாலைந்து தாயும் குட்டியும் இருக்கும் சின்னக் கூட்டத்தில் முதலில் விடுங்கள். முழுப் பட்டியில் குட்டி தவறான தாயிடம் போய் இரண்டு முட்டு வாங்கினால் பயந்துபோய்ச் சொந்தத் தாயிடமும் தயங்கும்.

வெயில் தாழ்ந்த பிறகு விடுவது நல்லது. கிளுவை வேலியோரம் நின்று பாருங்கள். தாய் மேய்ந்துகொண்டே பத்தடி போய், தலையை நிமிர்த்தி ஒரு சத்தம் கொடுக்கும். குட்டி அந்தச் சத்தத்துக்கு ஓடி நேராக அந்த மடிக்கே போனால், படலைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம். வேறு மடிக்குப் போனால் இரண்டையும் பிடித்து, அன்றிரவு மறுபடி தனி அடைப்பில் போட்டு ஒன்பதாவது படியிலிருந்து தொடங்குங்கள்.